பால்மரச் சிமிழா, தேக்குச் சிமிழா?

அஸ்தியை முழுவதும் கரைத்துவிட வேண்டும், வீட்டில் வைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். பினாங்கில் என்னிடம் மரச்சிமிழ் கேட்டு வருகிறவர்களும் அதை மீறுகிறவர்கள் இல்லை. "மீதியெல்லாம் இங்க கடல்லயே கரைச்சாச்சுண்ணே. ராமேஸ்வரத்துக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கோம், டிக்கெட் போடுற வரைக்கும் பத்திரமா இருக்கணும்" என்பார்கள். அந்த 'வரைக்கும்' சில வீடுகளில் இரண்டு வருடம் ஆகிவிடுகிறது.

மண் கலயம் பயணத்தில் உடையும். பித்தளைச் செம்பு உடையாது, ஆனால் விமான நிலைய ஸ்கேனரில் உலோகத்துக்குள் இருப்பது தெரியாது. திறந்து காட்டச் சொன்னால் யாருக்கு மனசு வரும்? மரத்தில் அந்தத் தொல்லை குறைவு. தகனச் சான்றிதழை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

60 கிலோ இருந்தவரின் சாம்பல் ஏறக்குறைய இரண்டேகால் லிட்டர் வரும். சிமிழுக்கு ஒரு கைப்பிடி போதும்: உள்ளே 4 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் குடைந்தால் 50 மில்லி பிடிக்கும். சாம்பலைச் சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பது நல்லது.

சரி, எந்த மரம்? பினாங்கின் ஜெலுத்தோங் வட்டாரத்துக்குப் பெயர் கொடுத்த ஜெலுத்தோங் மரம் வெண்ணெய் மாதிரி செதுக்க வரும். ஆனால் பால் ஓடிய தடங்கள் பிளவுகளாக நிற்கும். சாம்பல் வைக்கிற பண்டத்தில் ஓட்டையா? மெர்பாவ் கெட்டி, பார்க்கவும் கம்பீரம். ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் இறங்கும். சுற்றிக் கட்டுகிற வெள்ளைத் துணி என்ன ஆகும்! கடைசியில் மிஞ்சுவது தேக்கும், பால்மரம் என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரமும்தான்.

இரண்டையும் நான் மூடியை வைத்துத்தான் எடை போடுவேன். நம் ஊர் ஈரக்காற்றில் மரம் ஊதும், ஏர்கோன் அறையில் சுருங்கும். தேக்கு அதிகம் அசையாது. இன்று பொருந்திய மூடி மழைக்காலத்திலும் பொருந்தும். புதுத் தேக்கு விலை கட்டாது என்பதால் பழைய கட்டில் கால்களை வாங்கிக் கடைகிறேன். உள்ளே ஒளிந்திருந்த ஆணியில் ஒரு நல்ல உளி போனது. எண்ணெய்ப் பசையுள்ள மரம் என்பதால் ஒட்டும் முன் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

பால்மரம் மலிவு, வெளிர்நிறம், கடைசலுக்கு இணக்கம். நட்டு 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் வெட்டுகிறார்கள். ஒரு காலத்தில் அது வெறும் விறகு. மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையாகத்தான் வாங்க வேண்டும். தோட்டத்திலிருந்து ஆசையாக ஒரு பச்சைக் கட்டை கொண்டுவந்தேன். சில நாளில் நீலம் பாரித்தது, அப்புறம் வண்டு துளைத்து மாவாகக் கொட்டியது.

அப்படியும் தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பால்மரம்தான் பொருத்தம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஓர் அக்கா வந்தார். அவருடைய அம்மா கடைசிவரை பால் வெட்டியவர். நான் பெருமையாகப் பால்மரச் சிமிழை எடுத்து நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை.

"இருட்டுல எழுந்து, கொசுக்கடியில, வாழ்நாள் பூரா அந்த மரத்தோடயே கிடந்தாங்க தம்பி. இப்பவாவது விட்டுருங்க."

தேக்கில் கடைந்து கொடுத்தேன்.