வீட்டு லோன் காலத்த நீட்டணும்னா எங்க போக? பழைய பேங்கா, வேற பேங்கா, வட்டிக்காரரா

பெருமாள்புரத்துல வீடு கட்டுன நம்ம அண்ணாச்சி ஒருத்தருக்கு கடை வியாபாரம் படுத்துட்டு, கணக்குல பணம் இல்லாம ரெண்டு தவணை பவுன்ஸ் ஆயிட்டு, பத்து நாளா யார்ட்ட போகன்னு உக்காந்து கணக்கு போட்டோம், அதத்தான் இங்கன எழுதுதேன்.

மொதல்ல லோன் குடுத்த பேங்கு. 20 லட்சம் பாக்கி, 9 சதவீதம், இன்னும் 15 வருசம்னா தவணை 20,285. அதையே 20 வருசமாக்குனா 17,995. மாசம் 2,290 குறையுதுன்னு மனசு குளுந்துரும், ஆனா மொத்தத்துல 6.67 லட்சம் கூடக் கட்டுதோம் பாத்துக்கிடுங்க. வட்டி ஏறும்போது தவணைய கூட்டவா காலத்த நீட்டவான்னு நம்மட்ட கேக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2023 ஆகஸ்ட்ல சொல்லியிருக்கு, ஆனா வியாபாரம் படுத்துட்டுன்னு போய் நின்னா அது வேற கதை, ரீஸ்ட்ரக்சர், அதாவது கட்ட முடியாம கடன மாத்தி அமைச்சதுன்னு, சிபில்ல (நம்ம கடன் கட்டுன வரலாறு இருக்க பதிவு) ஏறும். அதுக்காக சும்மா இருந்துராதீங்க, தவணை கட்டாம 90 நாள் தாண்டுனா வாராக்கடன், அப்புறம் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்கு வீட்ட எடுக்க வழி குடுக்குற சர்பாசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ் வீட்டுக்கு வரும்.

இன்னொரு பேங்குக்கு மாத்துறது? ஃப்ளோட்டிங் வட்டி (ஏறி எறங்குற வட்டி) வீட்டு லோன முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது, அது நல்லதுதான். ஆனா புராசசிங் ஃபீஸ், வக்கீல் ஒப்பீனியன், வேல்யூவர், மறுபடி சார்பதிவாளர் ஆபிஸ்ல எம்ஓடி (பத்திரத்த அடமானமா வச்சதுக்கான பதிவு) எல்லாம் இருக்கு. ரெண்டு பவுன்ஸோட புதுசா ஒருத்தன்ட்ட போனா வாசல்லயே திருப்பி விட்டுருவான், ஒரு தவணை கூட தவறாதவங்களுக்குத்தான் இந்த வழி.

நகைய வைக்கிறது மூணு நாலு மாசத்துக்கு சமாளிக்க சரி, அதுக்கு மேல வேண்டாம்.

வட்டிக்காரர்ட்ட ஆதாரம் அலைச்சல் ஒண்ணும் இல்ல, சாயங்காலமே பணம். ஆனா ரெண்டு வட்டின்னா, அதாவது நூறு ரூவாய்க்கு மாசம் ரெண்டு ரூவா, வருசத்துக்கு 24 சதவீதம், 20 லட்சத்துக்கு மாசம் 40,000 வட்டி மட்டும், அசல் அப்படியே கெடக்கும், பத்தாததுக்கு வீட்டுக்கு பவர் (நம்ம பேர்ல வித்துக்கிட அதிகாரப் பத்திரம்) எழுதிக் குடும்பான். கந்துவட்டிக்கு எதிரா 2003லயே சட்டம் வந்தாச்சு, இருந்தும் 2017ல நம்ம கலெக்டர் ஆபிஸ் வளாகத்துல ஒரு குடும்பம் தீக்குளிச்சத நெல்லைக்காரன் எவனும் மறக்க மாட்டான். இதப்பத்தி வேற பேச்சே இல்ல.

அண்ணாச்சிக்கு 52 வயசு, 20 வருசம்னா 72 ஆயிரும், பேங்கு தயங்கத்தான் செய்யும். மகன் வேலைக்குப் போறான், அவனையும் லோன்ல சேத்துக்கிட்டா கேக்க ஒரு தெம்பு. திங்கக்கிழமை மூணு வருச வருமான வரி ரிட்டர்னையும் கடைக் கணக்கையும் எடுத்துக்கிட்டு பழைய பேங்குக்கே போறாவ, மகனும் வாறான், நானும் கூடப் போறேன்.