எச்எம்டி ஜனதா: பிரித்துப் பார்த்தவன் எழுதும் விமர்சனம்

பழைய சாவி வாட்ச் ஒன்றை வாங்கி, நாமே பிரித்து, கழுவி, ஆயில் விட்டு ஓட வைக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எந்த வாட்சில் தொடங்கலாம் என்று கேட்டால், யோசிக்காமல் எச்எம்டி ஜனதா என்பேன். நாலு வருடத்தில் பதினோரு ஜனதாவைப் பிரித்திருக்கிறேன். ஒன்பது நன்றாக ஓடுகின்றன, இரண்டு உதிரிபாகத்துக்காக டப்பாவில் கிடக்கின்றன.

1961ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து பெங்களூரில் எச்எம்டி வாட்ச் தயாரிக்கத் தொடங்கியது. அரசு நிறுவனம். கல்யாண மாப்பிள்ளைக்கும் ரிட்டயர் ஆகிற வாத்தியாருக்கும் வாட்ச் என்றால் எச்எம்டிதான் என்று ஒரு காலம் இருந்தது. ஜனதாவில் அலங்காரம் எதுவும் கிடையாது. தேதி இல்லை, ஆட்டோமேட்டிக் இல்லை, மூன்று முள், தினமும் காலையில் கீ கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தேதிச் சக்கரம், கிழமைச் சக்கரம், கை அசைவில் தானே கீ ஏற்றுகிற ரோட்டர் என்று உள்ளே நெரிசலாக இருக்கிற பழைய சீக்கோ 5 என்ற ஜப்பான் வாட்சில் முதன்முதலாகக் கை வைத்தால் எந்த ஸ்பிரிங் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போய்விடும். ஜனதாவைத் திறந்தால் சக்கரங்கள் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும், பலம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேருகிறது என்று ஊசி முனையை வைத்துத் தொடர்ந்து போகலாம்.

பின்னாளில் வந்த ஜனதாக்களில் பெரும்பாலும் இருப்பது 0231 என்ற மெஷின். எச்எம்டியின் இன்னொரு மாடலான பைலட்டிலும் அதுதான், அதனால் ஒன்றின் சாமான் இன்னொன்றுக்கு உதவும். 17 கல். இந்த 17 என்ன கணக்கு என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வழக்கமான கணக்கு இது: இடமும் வலமுமாக ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் வீலுக்கு மேலும் கீழுமாக நாலு, அதன் அடியில் தட்டுகிற கல் ஒன்று, சக்கரங்களைப் பல் பல்லாகத் தடுத்து விடுகிற பேலட் ஃபோர்க்கின் இரண்டு பற்கள், அந்த ஃபோர்க்கின் அச்சுக்கு இரண்டு, மீதி எட்டும் நாலு சக்கரங்களின் அச்சுகளுக்கு. இரும்பு முனை பித்தளைத் துளையில் சுற்றினால் தேய்ந்துவிடும் என்பதால் அந்த இடங்களில் செயற்கை மாணிக்கக் கல் வைக்கிறார்கள். பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை அடிக்கும், அதாவது நொடிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனை அடி அடிக்கிற ஒன்று, நல்ல சர்வீசுக்குப் பிறகு ஒரு நாளில் இருபது நொடி முன்னே பின்னே போகிறது என்றால் அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

என் முதல் ஜனதா பெரியப்பாவுடையது. ஒரு கடையில் 350 ரூபாய் கொடுத்து சர்வீஸ் செய்து வாங்கியிருந்தார். ஓடியது, ஆனால் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் வேகமாக ஓடியது. திரும்பக் கொண்டுபோனபோது பழைய வாட்ச் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது எனக்கு இன்றும் கோபம்தான். பழைய வாட்ச் என்பதால் எட்டு நிமிடம் வேகமாக ஓடாது, எங்கேயோ ஒரு காரணம் இருக்கவேண்டும். பின்மூடியைத் திறந்து, கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியான பத்து மடங்கு ஐகிளாஸில் பார்த்தேன். கழுவவே இல்லை. பழைய ஆயில் தேன் மாதிரி பழுப்பாக இறுகிக் கிடக்க, அதன் மேலேயே புது ஆயிலைச் சொட்டு விட்டிருக்கிறார்கள். அந்த ஆயில் வழிந்து, பேலன்ஸோடு சேர்ந்து அதை ஆட வைக்கிற ஹேர் ஸ்பிரிங் வரைக்கும் போய், இரண்டு சுருள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. முடியைவிட மெல்லிசான கம்பி அது. மற்ற சுருள்கள் எல்லாம் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்குகின்றன, இந்த இரண்டு மட்டும் ஒட்டியபடியே போய் வருகின்றன. சுருள் ஒட்டினால் கம்பியின் நீளம் குறைந்ததற்குச் சமம், நீளம் குறைந்தால் பேலன்ஸ் வேகமாக ஆடும், அதுதான் எட்டு நிமிடம். காந்தம் ஏறினாலும் இதே கோளாறு வரும், அதனால் முதலில் ஒரு சின்ன திசைகாட்டியை வாட்சின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், முள் அசையவில்லை. சரி, ஆயில்தான் என்று முடிவு செய்து, பேலன்ஸைக் கழற்றி, லைட்டர் பெட்ரோலில் இரண்டு முறை அலசிக் காயவைத்துத் திரும்பப் பூட்டினேன். அடுத்த நாள் பார்த்தால் பதினைந்து நொடிதான் வித்தியாசம். பெரியப்பா ரேடியோ செய்திக்கு நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னடா பண்ணின?" என்று மட்டும் கேட்டார். மூன்று நாள் கழித்து அவருடைய சிநேகிதரின் வாட்சையும் கொண்டுவந்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

பிரிக்கும்போது ஒரு விஷயம் மறக்கக்கூடாது: கீ கொடுக்கும்போது இறுகுகிற மெயின் ஸ்பிரிங்கில் இருக்கிற பலத்தை முதலில் இறக்கிவிடவேண்டும். கீ கொடுக்கிற குமிழை விரலால் பிடித்துக்கொண்டு, ராட்செட் சக்கரத்தைத் தடுத்திருக்கிற கிளிக்கை மெல்ல விலக்கி, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக விரலுக்குள் திரும்ப விடவேண்டும். இதைச் செய்யாமல் பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால் சக்கரங்கள் எல்லாம் ஒரே மூச்சில் சுற்றி, மெல்லிய அச்சு உடைந்துபோகும். அப்புறம் பேலன்ஸை முதலில் கழற்றிப் பத்திரமாக மூடி வைத்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். கிளிக் ஸ்பிரிங் போலத் துள்ளுகிற சாமான்களைக் கழற்றும்போது வாட்சையும் கையையும் ஒரு பெரிய கண்ணாடிப் பாலிதீன் பைக்குள் வைத்துக்கொண்டு செய்தால் அது பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். ஒவ்வொரு ஸ்குரூவையும் எடுக்கும் முன் போனில் ஒரு படம். ஆயில் விஷயத்தில் கை அடக்கம் வேண்டும், கல்லில் இருக்கிற குழியில் பாதிக்கு மேல் போகக்கூடாது, பேலட் ஃபோர்க்கின் அச்சுக்கு ஆயிலே வேண்டாம்.

மலிவான டூல் செட் வாங்காதீர்கள். அதில் வருகிற ஸ்குரூ டிரைவரின் முனை மெத்தென்று இருக்கும், வழுக்கினால் சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கிற தகட்டில் நிரந்தரமாக ஒரு கீறல். நல்ல டிரைவர் இரண்டு, ஒரு நல்ல ட்வீசர், ஒரு ஐகிளாஸ், இதற்கு மட்டும் காசு போடுங்கள்.

இனி வாங்குகிற விஷயம், இங்கேதான் ஏமாற்றம் அதிகம். ஆன்லைனில் பளபளவென்று மஞ்சள், பச்சை, ஆரஞ்சு டயலோடு வருகிற வாட்சுகளில் நிறைய, பழைய மெஷினுக்குப் புதிதாக அச்சடித்த டயலை ஒட்டியவை. நானும் 1,400 ரூபாய் கொடுத்து "ஒரிஜினல்" என்று ஒரு பைலட் வாங்கினேன். வந்ததும் ஐகிளாஸில் பார்த்தால் எழுத்தின் ஓரங்கள் பிசிறடிக்கின்றன, நிமிடக் கோடு ஏழு மணிக்கிட்ட எண்ணுக்கு நேராக நிற்கவில்லை. விற்றவரிடம் கேட்டதற்குப் பதிலே இல்லை. அதனால் சொல்கிறேன், டயலில் லேசாகக் கறை, ஓரத்தில் பழுப்பு, முள்ளில் கொஞ்சம் மங்கல் இருந்தால் பயப்படாதீர்கள், அதுதான் உண்மையான வயசு. மெஷினின் படத்தைக் கேளுங்கள், எச்எம்டி முத்திரை தெரியவேண்டும். படம் அனுப்ப மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இன்னொன்று, 1960க்கு முந்தைய வெளிநாட்டு வாட்சுகளில் இருட்டில் ஒளிரும் முள், எண் இருந்தால் அது கதிர்வீச்சுள்ள ரேடியமாக இருக்கலாம். அதைச் சுரண்டவே கூடாது, தூள் மூச்சில் போனால் ஆபத்து.

கட்டிக்கொள்ள எப்படி? சுமார் 35 மில்லிமீட்டர்தான், இப்போதைய பெரிய வாட்ச் பழகிய கைக்குச் சின்னதாகத் தெரியும். எனக்குப் பிடிக்கிறது, சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் போய்விடும். தண்ணீருக்கு ஆகாது, பாத்திரம் கழுவும்போது கழற்றி வைக்கத்தான் வேண்டும். கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக், எளிதில் கீறல் விழும், பற்பசையைத் துணியில் தொட்டுப் பத்து நிமிடம் தேய்த்தால் போய்விடும். சில உறைகளில் முலாம் உரிந்து உள்ளே இருக்கிற உலோகம் தெரியும், வியர்வை அதிகமுள்ள கையில் அந்த உலோகம் சீக்கிரம் அரித்துப்போகும். இது மட்டும்தான் எனக்கு ஜனதாவிடம் உள்ள உண்மையான குறை.

1980களில் ஓசூரில் டைட்டன் தொடங்கி, பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டுவந்தபோது கீ கொடுக்கிற வாட்சுக்கு ஆள் குறைந்தது. 2016ல் எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்எம்டி அருங்காட்சியகம் இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். ஆனால் புதுச் சாமான் என்று கடையில் கேட்டு வாங்குகிற காலம் போய்விட்டது. நம்பிக்கை எல்லாம் இன்னொரு ஓடாத வாட்சின் மேல்தான். அதனால் நல்ல ஜனதா ஒன்று வாங்கும்போதே ஓடாத ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள், கைப்பழக்கத்துக்கும் ஆகும், சாமானுக்கும் ஆகும்.

பெரியப்பாவின் சிநேகிதர் வாட்ச் இப்போது என் மேஜையில் பிரித்தபடி இருக்கிறது. அதுவும் ஜனதாதான், முதலில் சொன்ன பதினொன்றில் சேராதது. பேலன்ஸ் அச்சின் முனை உடைந்திருக்கிறது, என் டப்பாவில் இருக்கிற இரண்டிலும் அது சரியில்லை. 0231க்கு நல்ல பேலன்ஸ் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.