கொன்செப்ட் 2 றோவிங் மெசின்: கால் இல்லாதவனின் ஒரு வருடப் பாவனை

எனக்கு இரண்டு காலும் முழங்காலுக்கு மேலோடு இல்லை. அதை முதலே சொல்லவேண்டும், ஏனென்றால் தரையில் இருந்தபடி துடுப்பு வலிப்பதுபோல் உடற்பயிற்சி செய்கிற இந்த மெசினைப் பற்றி நான் வாசித்த விமர்சனம் எல்லாம் காலால் உதைத்து வலிக்கிறவர்கள் எழுதியது, சீட் வழுக்கி ஓடுகிற அழகைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அந்தச் சீட் ஓடாமல் நிற்கவேண்டும்.

கொழும்பில் மூடிய ஒரு ஜிம்மில் செக்கன்ஹாண்டாக எடுத்தேன். மெசினின் கால் உயர்ந்த மொடல், நீங்களும் அதையே தேடுங்கள். சாதாரண மொடலில் சீட் தரையிலிருந்து 14 அங்குலம், இதில் 20. என் வீல்செயரும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான், கையை ஊன்றி அப்படியே பக்கவாட்டில் மாறிவிடலாம். 14 அங்குலத்துக்கு இறங்குவது லேசு, களைத்துப்போய்த் திரும்ப ஏறும்போதுதான் அம்மாவைக் கூப்பிடவேண்டி வரும்.

ஓடாத சீட் மெசினோடு வராது. வெளிநாட்டில் தனியாக விற்கிறார்கள், கப்பல் கூலியைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு வெல்டிங் கடைக்குப் போனேன். "ஓடுறதை நிப்பாட்டவோ தம்பி காசு குடுக்கிறீர்?" என்றார் அண்ணை. முதல் செய்த சீட்டில் முதுகுச் சாய்வு தோள்வரை இருந்தது, அது எனக்குச் சரிவரவில்லை. மாற்றுத்திறனாளிகளின் துடுப்புப் போட்டியில் பிஆர்1 என்ற பிரிவு என்றால் தோளும் கையும் மட்டும், அவர்களுக்கு உயர்ந்த சாய்வும் நெஞ்சுப் பட்டியும் வேண்டும். பிஆர்2 உடம்பையும் சேர்த்து வலிப்பது, பிஆர்3 காலையும். நான் இரண்டாவது ஆள். இடுப்பிலிருந்து முன்னே மடிந்து பின்னே சாய்வதில்தான் என் பலமே, சாய்வு உயர்ந்தால் அது போய்விடும். வெட்டிக் குறைத்தோம். மூன்றாம் கிழமை கிளாம்ப் கழன்று சீட்டோடு முன்னுக்குப் போய் இடித்துக்கொண்டேன், நாலு போல்ட் போடவேண்டிய இடத்தில் இரண்டு! இப்போது நாலு.

முள்ளந்தண்டு அடிபட்ட நண்பர் ஒருவரும் வந்து வலிக்கிறார். அவருக்குத் தடித்த மெத்தை கட்டாயம், உணர்ச்சி இல்லாததால் தோல் உராய்ந்து புண் வந்தாலும் தெரியாது.

பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு நெம்பு இருக்கும், காற்றாடிக்குப் போகிற காற்றைக் கூட்டிக் குறைக்க. வீம்புக்கு 10இல் வைத்து வலித்தேன், அடுத்தநாள் வீல்செயரை உருட்டத் தோள் இல்லை. எங்களுக்குத் தோள்தானே காலும். இப்போது 4க்கு மேலே போவதில்லை. வேகமாக இழுத்தால் அதுவே கனக்கும்.

கரண்ட் வேண்டாம், மொனிட்டருக்குப் பெரிய டோர்ச் பற்றறி இரண்டு போதும். நான் இருக்கிற யாழ்ப்பாணம் குருநகர் உப்புக்காற்றுக்கு, கைபிடியை இழுக்கிற சங்கிலிதான் பாவம். 50 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எண்ணெய் விடச் சொல்கிறார்கள், நான் கிழமைக்கு ஒருக்கால் துடைத்து விடுகிறேன். டபிள்யூடி-40 ஸ்பிரே அடிக்கவேண்டாம்.

பராலிம்பிக்கில் துடுப்புப் போட்டி 2008இல் பெய்ஜிங்கில் வந்தது. அப்போது 1000 மீற்றர், 2017இலிருந்து 2000. நம் நாட்டிலிருந்து மகேஷ் ஜயகொடி டோக்கியோவுக்குப் போனார். மெசினில் என்னுடைய 2000 இன்னும் 12 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. பண்ணைக் கடல் பக்கத்திலேயே கிடக்கிறது, ஆனால் பக்க மிதவை பூட்டிய வள்ளம் இல்லாமல் இறங்க மாட்டேன். சமநிலையை இந்த மெசின் பழக்காது.

சீட் அளவுகள் ஒரு சிஆர் கொப்பியில் இருக்கின்றன, கேட்டால் படம் எடுத்து அனுப்புவேன். இரண்டு போல்ட் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.