சாயம் பூசிய காற்றுச்செடிகள்: பணம் அனுப்பும் முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

"பத்து அபூர்வ வகைகள், ஒரே தொகுப்பு, 220 வெள்ளி." மரத்துண்டுகளில் அழகாகப் பதித்த டிலாண்ட்சியாக்களின் படத்தோடு இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏர் பிளான்ட் என்று கடைகளில் விற்கும் காற்றுச்செடிகளைத்தான் சொல்கிறேன். அந்தத் தொகுப்பை நான் வாங்கினேன். பத்தில் நான்கு செடிகள் வந்து சேரும்போதே உள்ளுக்குள் அழுகியிருந்தன. மூன்று செடிகள் ஒரே வகைக்கு மூன்று நிறத்தில் சாயம் ஏற்றியவை. ஒன்று, நான் பார்த்த வரையில், காட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டுவரப்பட்டது.

இந்தச் செடிகள் எனக்குப் புதியவை அல்ல. எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் உஸ்னியாய்டஸ் என்ற வகை தாடிபோலத் தொங்குகிறது. பல்போசா, பிராக்கிகாலோஸ் என்ற வகைகளும் குட்டி போட்டுப் பெருகியிருக்கின்றன. அதனால்தான் பணம் அனுப்பும் முன்பே விற்றவரிடம் இரண்டு கேள்விகளை நேராகக் கேட்டேன். இவை சிங்கப்பூரின் வெப்பத்தைத் தாங்குமா? இறக்குமதிக்கு உரிய அனுமதி இருக்கிறதா? "எல்லாம் நம் ஊருக்குப் பழகியவை அண்ணே, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பத்திரமெல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்த உரையாடல் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது.

முதலில் வெளுத்தது சாயம்தான். வந்த அன்றே செடிகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்தேன். சற்று நேரத்தில் தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு மாறிவிட்டது. "ரூபி", "சஃபையர்", "அமெதிஸ்ட்" என்று மூன்று தனி வகைகளாகப் பெயர் எழுதிக் கொடுத்திருந்த செடிகள் அவை. எடுத்துத் துடைத்துப் பார்த்தால் மூன்றும் சாதாரண அயோனாந்தா. அந்த வகை பூக்கும் பருவத்தில் தானாகவே சிவக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தச் சிவப்பு நடுவிலிருக்கும் இளம் இலைகளில் தொடங்கும். வெளியிலைகள் பச்சையாகவோ சாம்பல் பூத்தோ இருக்கும். பூசிய செடியில் நுனியிலிருந்து அடிவரை ஒரே நிறம். காய்ந்து சுருண்டுபோன வெளியிலைகூட ரோஜா நிறத்தில் இருந்தது. செத்த இலை சிவக்காது. நீல இலை கொண்ட அயோனாந்தா இயற்கையில் கிடையவே கிடையாது.

இது அழகு பற்றிய குறை மட்டுமல்ல. டிலாண்ட்சியாவின் வேர் பெரும்பாலும் மரத்தையோ பாறையையோ பற்றிக்கொள்வதற்குத்தான். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுவது இலைமேல் படர்ந்திருக்கும் நுண்ணிய செதில்கள். வெள்ளி மினுமினுப்பாக நமக்குத் தெரிவது அவைதான். அவற்றின்மேல் வண்ணத்தைப் பூசுவது செடியின் வாயை அடைப்பதற்குச் சமம். குடிக்க முடியாமல் மெல்லச் சாகும். வாங்கிப் பல வாரங்கள் கழித்துச் சாவதால் விற்றவர்மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

அழுகல் விஷயம் இதைவிட மோசம். தொகுப்பில் டெக்டோரம், எடிதே, மேக்னூசியானா மூன்றும் இருந்தன. டெக்டோரம் ஈக்வடார், பெரு நாடுகளின் வறண்ட மலைச்சரிவுகளில் வளர்வது. எடிதே பொலிவியாவின் மலைப்பாறைகளில் ஒட்டி வளர்வது. இரவில் குளிர்ந்து காற்று வீசும் இடங்கள் அவை. நம் ஊரிலோ நள்ளிரவிலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். மலைச் செடிகளை இங்கே காட்டுவதற்காகக் கரையோரப் பூந்தோட்டத்தில் ஒரு கண்ணாடிக் கூடத்தையே குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க, தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் போதும் என்று ஒருவர் விற்கிறார்.

அந்த மூன்றையும், கூட இருந்த ஸ்ட்ரெப்டோஃபில்லாவையும் ஈரப் பாசியில் பொதிந்து, சூடான பசையை அடிப்பாகத்தில் வழியவிட்டு மரத்தில் ஒட்டியிருந்தார். பசையை நகத்தால் சுரண்டி எடுத்தேன். உள்ளே கறுத்துக் குழைந்திருந்தது. டெக்டோரத்தின் நடு இலைகளை லேசாகப் பிடித்ததும் கொத்தோடு கையில் வந்துவிட்டன. புளித்த வாடை அடித்தது. ஒரே நாளில் வரும் அழுகல் அல்ல அது. படத்தில் அடிப்பாகம் தெரியாதபடி பாசியும் பசையும் மறைத்திருந்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது பெட்டிக்குள் இருந்த பராமரிப்பு அட்டையைப் படித்தபோதுதான். "தினமும் இரவு நன்றாகத் தண்ணீர் தெளிக்கவும். கண்ணாடிக் குமிழுக்குள் வைத்தால் ஈரம் காக்கும்" என்று அச்சடித்திருந்தது. செடியைக் கொல்வதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை. இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் செடிகள். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் அதுவும் தடைப்படும். காற்றில்லாத குமிழுக்குள் தண்ணீர் குருத்தில் தேங்கி அழுகல் பிடிக்கும். அட்டையில் உள்ளபடி செய்தால் செடி சாகும். செத்ததும் "நீங்கள் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடலாம். விற்றவருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

எங்கள் புளோக்கில் மேல் மாடியில் இருக்கும் ஓர் அக்கா இதே ஆளிடம் செடி வைத்த கண்ணாடிக் குமிழ்கள் மூன்று வாங்கியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு ஆசையாகத் தொடங்கிய பொழுதுபோக்கு. அட்டையில் போட்டபடி அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். மூன்றும் போய்விட்டன. "எனக்குக் கைராசி இல்லை தம்பி, இனிமேல் செடியே வேண்டாம்" என்றார். கைராசிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவருடைய தாழ்வாரத்தில் கறிவேப்பிலை தளதளவென்று நிற்கிறது. இப்படி ஒருவரைத் தன் கையையே குறை சொல்ல வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்தது ஜெரோகிராஃபிகா. மெக்சிகோ, குவாட்டமாலா, எல் சால்வடார் பகுதிகளின் வறண்ட காடுகளில் வளரும் பெரிய வெள்ளிச் செடி. மிக மெதுவாக வளர்வது. காட்டிலிருந்து அளவுக்கு மீறிப் பிடுங்கப்பட்டதால் அதைச் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பண்ணையில் வளர்த்ததை உரிய அனுமதியோடு விற்பதில் தவறில்லை. நல்ல விற்பனையாளர்கள் கேட்டதும் சொல்வார்கள். எனக்கு வந்த செடியின் அடியில் மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன, வெளியிலைகளில் பழைய பூச்சிக் கடிகள். பண்ணைச் செடி இவ்வளவு அடிபட்டு வருவதை நான் கண்டதில்லை. போதாக்குறைக்கு அதைச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தார். அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடிகளுக்குச் செம்பு நஞ்சு. செடி விற்பவருக்கு இதுகூடத் தெரியாதா? அனுமதிப் பத்திரத்தின் படத்தை அனுப்பச் சொன்னேன். அதுவரை உடனுக்குடன் பதில் அனுப்பியவர் அத்தோடு வாய் திறக்கவில்லை. தேசியப் பூங்காக் கழகத்துக்கு விவரங்களோடு எழுதியிருக்கிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி வந்தது. பிறகு நான் செய்தி அனுப்ப முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார். கணக்கும் மறைந்தது. இப்போது அதே படங்களோடு வேறு பெயரில் விற்கிறார். வலது ஓரத்தில் விரிசல் விட்ட வெள்ளைத் தரை ஓடு எல்லாப் படங்களிலும் தெரிகிறது. அவர் இன்னும் விற்றுக்கொண்டிருப்பதுதான் இந்தப் பதிவை எழுதக் காரணம்.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் உரையாடலையும், விளம்பரப் படத்தையும், பேநவ் (கைபேசிவழிப் பணப்பரிமாற்ற) ரசீதையும் அழிக்காமல் வைத்திருங்கள். பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் பதியலாம். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளிதான். நான் ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வாங்குபவர்கள், செடியைத் திருப்பி அடிப்பாகம் தெரியும்படி ஒரு படம் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நேரில் பார்த்தால் அடியை இரண்டு விரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். முழு அறிவியல் பெயரைக் கேளுங்கள். அது எவ்வளவு உயரத்தில் வளரும் வகை என்று நீங்களே தேடிப் பாருங்கள். டிலாண்ட்சியாவில் 600க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நம் வெப்பத்தில் செழிப்பவையும் நிறைய. கபுட் மெடூசே, பெய்லியி, பல்போசா என்று தாழ்நில வகைகளில் தொடங்கினால் மனம் நோகாது.

பசையோடு வந்த செடி கையில் இருந்தால் இன்றே பிரித்தெடுங்கள். பசையைத் துண்டு துண்டாக உரியுங்கள், பாசியை முழுக்க அகற்றுங்கள், கறுத்த வெளியிலைகளைக் கிள்ளி எறியுங்கள். குருத்து கெட்டியாக இருந்தால் பிழைக்க வழி உண்டு. காலையில் நனைத்து, தலைகீழாக உதறி, மின்விசிறிக் காற்றில் நான்கு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும்படி வையுங்கள். அடைமழை பெய்யும் டிசம்பரில் தாழ்வாரச் செடிக்குத் தனியாகத் தண்ணீரே தேவைப்படாது. அக்காவுக்கு என் பல்போசாவிலிருந்து இரண்டு குட்டிகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறேன். குமிழ் இல்லை, பசை இல்லை. மீன்பிடி நரம்பில் கட்டி, காற்று வரும் பக்கமாகத் தொங்கவிட்டிருக்கிறார்.