மேயரா, மேலாளரா? ஒரு மின்கம்பத்தடியிலிருந்து பார்த்தால்

இருட்டியபின் திருகோணமலையில் ஒரு மின்கம்பத்தடியில் நின்று பாருங்கள். கம்பம் மின்சாரக்காரருடையது. அதில் எரியும் விளக்கைப் பராமரிப்பது மாநகரசபை. பிரதான வீதியென்றால் காலடித் தார் வீதி அபிவிருத்தி அதிகாரசபையுடையது. அங்கே குப்பைப் பையை மோந்துகொண்டு நிற்கும் புள்ளிமான் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கணக்கு. பை மட்டும் மீண்டும் மாநகரசபையின் கணக்கு.

இப்படிப் பலர் பங்குபோடும் நகரத்தில் மாநகரசபையின் பங்கை யார் நடத்துவது, மேயரா, மேலாளரா? அமெரிக்காவில் பல நகரங்கள் யாருக்கு எந்த அதிகாரம் என்பதைத் தங்கள் நகரச் சாசனத்தில் எழுதி வைத்திருக்கின்றன. பெரும்பாலும் அதை நிறைவேற்றுவதும் திருத்துவதும் அந்நகர வாக்காளர்களே. அங்கே போட்டியிடும் முறைகளில் முக்கியமானவை இரண்டு.

முதலாவது வலுவான மேயர் முறை. நியூயோர்க் இதற்கு உதாரணம். மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் மேயரே பொலிஸ் ஆணையாளரை நியமிக்கிறார். சபை நிறைவேற்றும் சட்டத்தை மறுக்கவும் அவரால் முடியும். பிழை நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. ஆனால் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழும் எங்கள் நகரத்தில் ஒரே நாற்காலியில் இவ்வளவையும் குவிப்பதை நான் விரும்பமாட்டேன்.

இரண்டாவது சபை–மேலாளர் முறை. இதன் கதை சுவையானது. 1913 மார்ச்சில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. பழைய நிர்வாகத்தில் வெறுத்துப்போன மக்கள் அதே ஆண்டில் புதிய சாசனத்துக்கு வாக்களித்தார்கள். ஐந்து பேர் கொண்ட சபை கொள்கை வகுக்கும். அது நியமிக்கும் மேலாளர் நகரத்தை நடத்துவார். 1914 தொடக்கத்தில் அந்தப் பொறுப்பை ஏற்ற ஹென்றி வெயிட், சின்சினாட்டியிலிருந்து வந்த பொறியியலாளர். வெளியூர்க்காரர், தேர்தலில் நிற்காதவர். வேலை பிடிக்காவிட்டால் சபை அவரை வீட்டுக்கு அனுப்பலாம். முறையின் உயிர் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

2004 சுனாமி எங்கள் கரையையும் அடித்துப் போட்டது. ஆனால் டேட்டனைப் போல நாங்கள் எங்கள் நகர ஆட்சிமுறையை மாற்ற நினைத்திருந்தாலும் வழி இருந்திருக்காது. 1939 இன் நகரசபைக் கட்டளைச்சட்டமும் 1947 இன் மாநகரசபைக் கட்டளைச்சட்டமும் கொழும்பில் எழுதப்பட்டவை. நகரசபை மாநகரசபையாகும்போது தவிசாளர் முதல்வராகிறார் (அதாவது மேயர்), செயலாளரின் இடத்தில் ஆணையாளர் வருகிறார். வாக்காளரிடம் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மேலோட்டமாகப் பார்த்தால் எங்கள் ஆணையாளர் டேட்டன் மேலாளரின் தம்பி போலத் தோன்றுவார். ஆனால் அவரைச் சபை நியமிப்பதில்லை. நீக்கவும் சபையால் முடியாது. முதல்வரின் நிலையோ வேறு. யாழ்ப்பாணத்தில் 2020 டிசம்பரில் பாதீடு (வரவு செலவுத் திட்டம்) சபை வாக்கெடுப்பில் இரண்டாம் தடவையும் தோற்றபோது மாநகர முதல்வரின் பதவியே போனது. அதிகாரி இருப்பார், தெரிவானவர் போவார்: மேலாளர் முறையைத் தலைகீழாகப் பிடித்தது போல.

இந்தத் தலைகீழை நாங்கள் நீண்டகாலம் அனுபவித்தும் இருக்கிறோம். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் நடத்தினார்கள். மேலாளர் இருந்தார், அவரைக் கேள்வி கேட்கச் சபை இல்லை.

எனவே என் தெரிவு இரண்டாவது முறைதான், அதுவும் ஆணையாளரை நியமிக்கவும் நீக்கவும் சபைக்கு உரிமை இருந்தால் மட்டும். இப்போதைக்கு, மாகாணசபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உள்ளூராட்சி சபைகளின் அமைப்பை மாகாணசபை மாற்ற முடியாது, இருக்கும் அதிகாரத்தைப் பறிக்கவும் முடியாது. ஆனால் மேலதிக அதிகாரம் வழங்கலாம். கிழக்கு மாகாணசபை இருப்பது எங்கள் ஊரில்தான். அதன் காலம் 2017 இல் முடிந்தது. அதற்குப் பிறகு இதை எழுதும்வரை அதற்குத் தேர்தல் நடக்கவில்லை.