மேகசின் தானாக விழ வேண்டுமா? மலையில் பிஸ்டலோடு பழகிய அனுபவம்

தோட்டாக்களை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் பெட்டிதான் மேகசின். அதை விடுவிக்கும் பொத்தானை அழுத்தியதும் மேகசின் சரேலென்று கீழே விழுந்தால்தான் நல்ல பிஸ்டல் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராணுவத்தில் 9 எம்.எம். பிஸ்டல், ஓய்வுக்குப் பிறகு கோத்தகிரி வீட்டில் அப்பா வழியில் வந்த .32 பிஸ்டல், கோவை ரைபிள் கிளப்பில் .22 பிஸ்டல் என்று மூன்றோடும் நெடுங்காலம் பழகியிருக்கிறேன். மலையில் உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மேகசின் தானாக விழாமல், இழுத்தால் கையோடு வருவதுதான் நல்லது என்பது என் முடிவு.

முதலில் ராணுவ பிஸ்டல். இஷாப்பூரில் தயாரான 9 எம்.எம். 1ஏ, பெல்ஜியத்தின் 1935ஆம் ஆண்டு பிரௌனிங் ஹைபவர் வடிவத்திலிருந்து வந்தது. 13 தோட்டா பிடிக்கும். மேகசின் உள்ளே இல்லாவிட்டால் விசை வேலை செய்யக்கூடாது என்பதற்காக அதில் ஒரு சிறிய பாதுகாப்பு அமைப்பு உண்டு. விசையோடு சேர்ந்த அந்தத் துண்டு மேகசினின் முன்பக்கத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த உராய்வினால் பொத்தானை அழுத்தினாலும் மேகசின் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். முக்கியமாக, தோட்டா தீர்ந்து எடை குறைந்த மேகசின். வெலிங்டன் ரேஞ்சில் எங்கள் உஸ்தாத் (பயிற்சியாளர்) முதல் நாளே சொல்லிவிட்டார்: "விழும்னு காத்திருக்காதே. அழுத்து, இடது கையால இழு, பையில போடு." அழுத்துவதும் இழுப்பதும் ஒரே அசைவாகக் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கத்துக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அப்புறம் வீட்டிலிருப்பது. எஃப்.என். நிறுவனத்தின் பிரௌனிங் 1910, .32 போர் (குழல் அளவு), 7 தோட்டா. எஸ்டேட்டில் சம்பளப் பணம் ரொக்கமாகப் போன காலத்தில் அப்பா வாங்கியது. 9 எம்.எம். தடை செய்யப்பட்ட வகை என்பதால் சாதாரண உரிமக்காரர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32தான். இந்த பிஸ்டலில் மேகசினைப் பிடித்திருக்கும் கொக்கி கைப்பிடியின் அடியில், பின்பக்கம் இருக்கிறது. ஒரு கையால் கொக்கியைப் பின்னால் தள்ளி, மறுகையால் மேகசினை உருவ வேண்டும். இரண்டு கையும் வேண்டும், நேரமும் ஆகும். ஆனால் தவறுதலாக எதிலாவது உரசி மேகசின் கழன்றுவிடும் என்ற பயமே இல்லை. பக்கவாட்டுப் பொத்தான் உள்ள பிஸ்டலில், அதுவும் தடிமனான ஸ்வெட்டரும் கையுறையும் போட்டிருக்கும்போது, அந்த பயம் நியாயமானதுதான்.

மலையின் நிலைமையை இங்கே சொல்லியாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் காலையில் விரல்கள் மரத்துப்போகும். மழைக்காலத்தில் செம்மண் களிமண்ணாகி எதிலும் ஒட்டிக்கொள்ளும். மேகசினின் உயிரே அதன் மேல் விளிம்புகள்தான். தோட்டாவைச் சரியான கோணத்தில் நிறுத்துவது அவைதான். தலைகுப்புறக் கல்லில் விழுந்து அந்த விளிம்பு துளி வளைந்தாலும் அடுத்த தோட்டா சிக்கும். களிமண் உள்ளே போனால் ஸ்பிரிங் தடுமாறும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிவில் விழுந்தால் மேகசினைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனதால், பழைய பிஸ்டலுக்கு அசல் மேகசின் கிடைப்பது அரிது. என்னிடம் இருப்பவற்றைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன்.

இந்தக் கவலை புதிதல்ல. அமெரிக்க ராணுவத்தின் எம்1911 பிஸ்டலில் மேகசின் தாராளமாக விழும். அதன் தொடக்க கால மேகசின்களின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம் வைத்திருந்தார்கள். குதிரைப்படை வீரர் சவாரியின்போது மேகசினைத் தொலைக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அதற்காகத் தானாக விழுவது தப்பு என்று சொல்லவில்லை. கிளப்பில் இருக்கும் .22 அப்படிப்பட்டதுதான், சிமென்ட் தரை, முன்னால் மேசை, பயிற்சியாளர் பக்கத்தில். அங்கேயும் அவசரமே கிடையாது. 25 மீட்டர் போட்டிகளில் சுடுவது ஐந்து ஐந்தாகத்தான், நடுவில் மேகசின் மாற்றும் பரபரப்பு இல்லை. ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும் போட்டியாளருக்கும், எதிரே ஆள் துப்பாக்கியோடு நிற்கக்கூடிய காவலருக்கும் ராணுவத்தினருக்கும் நிலைமை வேறு. அவர்களுக்கு ஒரு நொடிகூட முக்கியம். காலி மேகசின் எங்கே விழுந்தாலும் கவலையில்லை, விழத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வடிவமைப்பால் நிற்பது வேறு, சிக்கி நிற்பது வேறு. ஆரம்ப கால க்ளாக் பிஸ்டலின் மேகசின்களில் பிளாஸ்டிக்குக்குள் உலோக உறை முழுமையாக இல்லை. தோட்டா நிரப்பினால் பக்கங்கள் லேசாகப் புடைத்து, விழாமல் நிற்கும். பிறகு உறையை முழுமையாக்கியதும் விழத் தொடங்கின. பழைய இரும்பு மேகசினில் துருவும் காய்ந்த எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். இரண்டு தோட்டா ஒன்றாகச் சிக்கிக்கொண்டால் மேகசினை உருவித்தான் சரிசெய்ய வேண்டும்; அந்த நேரத்தில் அது வராமல் அடம்பிடித்தால் கையோடு வரும் வகை என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். அதனால் மழைக்காலத்தில் மேகசினைப் பிரித்து, துடைத்து, வெளிப்புறம் மட்டும் மெல்லிய எண்ணெய் தடவுகிறேன். உள்ளே எண்ணெய் விட்டால் தூசிதான் சேரும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டுவதே இல்லை. கோத்தகிரி ஈரத்தில் தோல் தண்ணீரை உறிஞ்சி இரும்புக்குக் கொடுத்துவிடும்.

கையோடு வரும் மேகசினின் அருமையை நான் அதிகம் உணர்வது தேர்தல் சமயத்தில். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரைட்டர் மேசைக்கு முன்னால் பத்துப் பேர் நிற்கும் அறையில் மேகசின் நிதானமாக என் கைக்கு வர வேண்டும். அதை மேசையில் வைத்துவிட்டு, குழல்முனையைச் சுவர் பக்கம் திருப்பி, ஸ்லைடைப் (பிஸ்டலின் மேலே நகரும் பகுதியை) பின்னால் இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறைக்குள் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்கிறேன். மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நம்புபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அறைக்குள் ஒரு தோட்டா இருக்கலாம். 1910இலும் ஹைபவரிலும் உள்ள மேகசின் பாதுகாப்பு அந்தத் தோட்டாவைச் சுடவிடாது. பல பிஸ்டல்களில் அப்படி எதுவும் கிடையாது.

மேகசின் தானாக விழட்டும் என்று அந்தப் பாதுகாப்புத் துண்டைக் கழற்றிவிடச் சொல்லும் யோசனையும் காதில் விழுகிறது. வீட்டில் வைத்திருக்கும் பிஸ்டலில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். மேகசின் இறுக்கமாக வருகிறதென்றால் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் இறுகினால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, மேகசினின் பக்கவாட்டில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.