பேட்டரி பஸ்ஸா, ஹைட்ரஜன் பஸ்ஸா?

இரண்டிலும் சக்கரத்தைச் சுழற்றுவது மின் மோட்டார்தான். பேட்டரி பஸ் மின்சாரத்தைச் சேமித்துக்கொண்டு கிளம்பும். ஹைட்ரஜன் பஸ் தொட்டியிலுள்ள ஹைட்ரஜன் வாயுவிலிருந்து ஓடும்போதே அதைத் தயாரித்துக்கொள்ளும். புகைக்குப் பதில் வெறும் நீராவி.

வாயு நிரப்பச் சில நிமிடங்கள் போதும், சார்ஜ் ஏற மணிக்கணக்கில் ஆகும். அப்படியானால் ஹைட்ரஜன்தானே மேல்? சரி, செலவைப் பார்ப்போம். பிரான்ஸின் மோன்பெலியே நகரம் 51 ஹைட்ரஜன் பஸ்கள் வாங்கும் திட்டத்தை 2022 ஜனவரியில் கைவிட்டது. கிலோமீட்டருக்கு ஹைட்ரஜன் 95 யூரோ சென்ட், மின்சாரம் 15 சென்ட். ஆறு மடங்கு! மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அந்த வாயுவை அழுத்தி, மறுபடி மின்சாரமாக்குவதற்குள் பாதிக்கு மேல் ஆற்றல் வீணாகிவிடுகிறது.

சீனாவின் ஷென்ஜென் 2017லேயே 16,000க்கும் மேற்பட்ட பஸ்களைப் பேட்டரிக்கு மாற்றிவிட்டது. நகர பஸ் ராத்திரி டிப்போவில் சும்மாதானே நிற்கிறது, அப்போது சார்ஜ் ஏறட்டுமே.